ஏழடி டைல்ஸ்

எனக்கு வாய் நீளம். படாளத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். விடிகாலை ஐந்தரைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினால், சிங்கப்பெருமாள் கோயில் போய்ச் சேர்வதற்குள் பத்துப் பேரையாவது திட்டித் தீர்த்திருப்பேன். ராங் சைடில் வருகிறவன், இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறவன், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கே நடக்கிறவன், ஒருத்தனையும் சும்மா விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட நான், கட்டிய பெண்டாட்டியிடம் ஒரே ஒரு வரியைச் சொல்ல முடியாமல் நாலு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நம் பையன் இனிமேல் நடக்க மாட்டான் என்பதுதான் அந்த வரி.

பையன் பெயர் தமிழ்வாணன். எங்களுக்கு ஒரே பிள்ளை, இருபத்து நாலு வயது, ஏசி மெக்கானிக். ஆவணி மாதம் திருப்போரூர் பக்கம் ஒரு குடோனில் கூரை மேல் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து இருபதடி கீழே விழுந்துவிட்டான். முதலில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, அங்கிருந்து வேலூர், வேலூரில் ஆபரேஷன். எட்டாம் நாள் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு தாளில் முதுகெலும்பைப் படம் போட்டுக் காட்டினார்.

"கை ரெண்டும் நல்லா இருக்கு. சக்கர நாற்காலியில உட்கார்ந்தே எல்லா வேலையும் பழகிக்கலாம். நிறைய பேர் பழகியிருக்காங்க. ஆனா எழுந்து நிக்கிறது இனிமே நடக்காதுங்க. வீட்ல நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்" என்றார்.

பக்குவம்! என்னிடம் போய்!

வெளியே வராந்தாவில் சம்பூர்ணம் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னாங்க சொன்னாரு?"

"நரம்பு ஒட்ணுமாம். நாளாவுமாம். ஆறு மாசமோ ஒரு வருசமோ ஆவுமாம்."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அவள் "அப்பாடா!" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். அந்த அப்பாடாவைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எந்த மனுஷனுக்கு ஐயா வாய் வரும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நாளைக்கு என்பது அடுத்த ஞாயிறு ஆயிற்று. தீபாவளி போகட்டும் என்றேன். கார்த்திகை போகட்டும் என்றேன்.

வேலூரில் அது ஆண்கள் வார்டு, கூடத் தங்குகிறவரும் ஆணாக இருக்கவேண்டும். சம்பூர்ணத்தின் அக்கா மகன் பாலா வேலையை விட்டுவிட்டுப் போய்த் தங்கினான். தங்கமான பையன். அவனையும் கெடுத்தேன். "சித்தி கேட்டா தேறிகினு வரான்னு மட்டும் சொல்லு" என்று சொல்லிவைத்தேன். தமிழிடமும் அதையேதான் சொன்னேன். "பொறுமையா இருடா, நரம்பு ஒட்ணும்." அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி நைனா" என்றான். ஒரு கேள்வி கேட்கவில்லை. நம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சம்பூர்ணம் கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு வேலூர் போவாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து, "மூஞ்சி தெளிஞ்சிடுச்சிங்க. இன்னும் கொஞ்ச நாளுதான்" என்பாள். நானும் ஆமாம் என்பேன். வேறென்ன சொல்வது?

தை பிறந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று கார்த்திகைக் கடைசியில் வேலூரில் சொன்னார்கள். சம்பூர்ணத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் குளியலறை, கக்கூஸ் எல்லாம் தோட்டத்துக் கோடியில். "அவ்ளோ தூரம் அவன எப்டிங்க நடக்க வுடறது? அவன் ரூமோட ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டிடலாம்" என்றாள். கட்டிடலாம் என்றேன். அவள் அன்றைக்கு மாடி எழுப்பலாம் என்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

வேலூரில் என்னிடம் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் குளியலறை எப்படி இருக்கவேண்டும் என்று படத்தோடு தமிழில் அச்சடித்த தாள். கதவு மூன்றடி அகலம். வாசலில் படி கூடாது. உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில் குழாய். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வண்டி, அதாவது சக்கர நாற்காலி, திரும்ப உள்ளே இடம். பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் வெயில் மறைப்புப் பலகை இருக்கிறதே, அதன் இடுக்கில் செருகி வைத்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வரும்வரை கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்துப் படிப்பேன். மனப்பாடமே ஆகிவிட்டது.

ஆனால் கட்டும்போது கொத்தனார் எல்லா வீட்டுக்கும் வைக்கிறமாதிரி ரெண்டரை அடி நிலையை வைத்தார். தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க வாசலில் நாலங்குலம் படி வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றடி வை என்று சொன்னால், "பாத்ரூமுக்கு எதுக்குங்க மூணடி கதவு?" என்று சம்பூர்ணம் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். லாரிக்காரனை ரோட்டில் மறித்துச் சண்டை போடுகிறவன், ஒரு கதவுக்குப் பயந்தேன்.

பூச்சு வேலை முடிந்து காய்ந்ததும், மதுராந்தகத்திலிருந்து டைல்ஸ் ஒட்டுகிற ஜோஷ்வா வந்தான். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். வேலையில் சுத்தம், பேச்சும் நறுக்கென்று இருக்கும். நாலு சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு, "எந்தெந்த சுவத்துக்கு, எத்தினி அடிக்கு?" என்று கேட்டான்.

"நீயே சொல்லேன்" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணாத்த, தண்ணி சொல்லும். எங்க மேஸ்திரி கத்துக் குடுத்தது. ஆளுக்கு ஆள் குளிக்கிற தினுசு வேற. ஒருத்தரு பூப்போல ஊத்திக்குவாரு, ஒருத்தரு யானை கணக்கா பீச்சி அடிப்பாரு. குளிக்கப் போற ஆள இங்க நிக்க வச்சி நாலு சொம்பு ஊத்திக்கச் சொல்லு. காஞ்ச பூச்சில தண்ணி பட்டா கருப்பா தெரியும். காயறதுக்குள்ள பென்சில்ல கோடு போட்டுக்குவேன். நனையிற சுவத்துக்கு டைல்ஸு, நனையாத சுவத்துக்கு பெயிண்ட்டு. யாரு குளிக்கப் போறது?"

"எம் புள்ள" என்றாள் சம்பூர்ணம். "வேலூர்ல கீறான். தையிலதான் வரான்."

"அப்ப வேற யார்னா அவரு மாதிரி ஊத்திக் காட்டுங்க."

வேற யார்? நான்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். சம்பூர்ணம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவன் உங்கள வுட அரை அடி உசரங்க" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். நாலு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து சுவர் ஓரம் ரெண்டு ரெண்டாக அடுக்கினாள். "ஏறி நில்லுங்க."

ஏறி நின்றேன். ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டேன்.

"ஐயய்ய, அவன் இப்டியா ஊத்துவான்? சொம்ப தலைக்கு மேல தூக்கி சொளேர்னு ஊத்துவான். ஊத்திட்டு தலைய ஒதறுவான். நாய்க்குட்டி கணக்கா. எதிர் சுவரெல்லாம் தெறிக்கும். நல்லா தூக்குங்க கைய!"

மார்கழிக் குளிர். ஈரத்தில் நடுங்கிக்கொண்டு, செங்கல் மேல் நின்று, என் பிள்ளையைப்போலத் தலையை உதறினேன். ஜோஷ்வா சிரித்துக்கொண்டே பென்சிலால் கோடு போட்டான். சம்பூர்ணம் கை தட்டாத குறை. "ஆங், அப்டித்தான்! அதோ பாருங்க, ஜன்னல் சுவரும் நனைஞ்சிடுச்சி!" அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. சொல்லித் தொலைடா, இப்பவாவது சொல்லித் தொலைடா என்று உள்ளே ஒருத்தன் கத்திக்கொண்டே இருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அப்புறம் சுவர் பஞ்சாயத்து ஆரம்பித்தது. ஷவர் வரப்போகிற சுவருக்கும் அதை ஒட்டிய ஜன்னல் சுவருக்கும் கதவு உயரம், அதாவது ஏழடி. மற்ற ரெண்டு சுவருக்கும் நாலடி போதும் என்றான் ஜோஷ்வா. சம்பூர்ணம் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாலு சுவத்துக்கும் ஏழடி போடு."

"அக்கா, கதவு சுவத்துல தண்ணியே படாது. சும்மா வேஸ்ட்டு."

"படும். நீ எம் புள்ளய பாத்தியா? அவன் குளிச்சிட்டு வந்தா வாசக்கால் வரிக்கும் ஈரமா கெடக்கும். எத்தினி நாளு திட்டியிருக்கேன். இனிமே ஒரு நாளு திட்ட மாட்டேன், எப்டி வேணா குளிக்கட்டும். ஏழடி போடு."

ஜோஷ்வா என்னைப் பார்த்தான். "தமிழயே கேட்டுடுங்களேன்" என்றேன். எப்படியாவது பேச்சு வேறெங்காவது போகட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். சம்பூர்ணம் உடனே வீடியோ கால் போட்டாள். பாலா ஃபோனைப் பிடித்துக்கொண்டு தமிழின் முகத்துக்கு நேராகக் காட்டினான். தாடியெல்லாம் எடுத்துப் பளிச்சென்று இருந்தான்.

"தமிழு, பாத்ரூமுக்கு டைல்ஸு எத்தினி அடிடா போடலாம்? இந்தத் தம்பி நாலடி போதுன்றான்."

அவன் முகம் திரையில் அசையாமல் நின்றது. சிக்னல் இல்லையோ என்று அவள் ஃபோனைத் தட்டினாள்.

"நைனா இன்னா சொல்லுது?" என்று கேட்டான்.

நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன். "ஏழடியே போட்டுடலாம்டா. நீ நின்னுகினு குளிக்கிறதுக்கு நாலடி எப்டி பத்தும்?" என்றேன். அவள் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

"சரி நைனா. ஏழடியே போடு. ஷவரு நல்லா உசரத்துல வைக்கச் சொல்லு. குனிஞ்சிகினு குளிச்சா எனக்குப் புடிக்காது" என்றான். சிரித்தான். சம்பூர்ணம் ஜோஷ்வாவைப் பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றாள்.

நிறத்தையும் அவனே சொன்னான், இளநீலம். ஞாயிறு தவறாமல் மாமல்லபுரத்தில் போய் விழுந்து கிடந்தவன், கடல் பைத்தியம். செங்கல்பட்டு போய் நாலு கடை ஏறி இறங்கி, அவன் சொன்ன நிறத்திலேயே வாங்கி வந்தோம். சம்பூர்ணம் பஸ்ஸில் ஒரு டைல்ஸை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் ஜோஷ்வா தோட்டத்தில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தான். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணாத்த, கோச்சிக்காத. தம்பிய பத்தி டீக்கடைல சொன்னாங்க. வண்டியிலதான வரும்? போன வருசம் கல்பாக்கத்துல ஒரு வூட்ல இந்த மாரி செஞ்சி குடுத்தேன். ஆபீசருக்குப் பக்கவாதம். நாலு சுவத்துக்கும் நாலடி, கம்பி வைக்கிற எடத்துல உள்ள கான்கிரீட்டு, வாசப்படி கெடையாது, கதவு மூணடி. குந்திகினு குளிக்கிறவங்களுக்கு அதான் தோது. நான் இன்னும் ஒட்ட ஆரம்பிக்கல. நிலைய பேத்து மாத்த ஒரு நாளு போதும். சொல்லு, செஞ்சிடலாம்."

அந்தத் தாளில் இருந்த அத்தனையும் அவன் வாயால் வந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஆனால் சமையலறை ஜன்னலில் சம்பூர்ணம் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு காதில் விழுந்ததோ!

"இன்னாடா பேசற நீ?" என்று கத்தினேன். "எம் புள்ள இன்னா நொண்டியா? அவன் நடந்து வருவான்டா. நின்னுகினு குளிப்பான். ஒட்ட வந்தியா, ஒட்டிட்டுப் போ. டீக்கடைல கேட்டுகினு வந்து எங்கிட்ட சொல்றியா?"

ஜோஷ்வா டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தான். "தப்புதான் அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அதற்கப்புறம் வேலை முடிகிறவரை என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சமையலறைக்குப் போனபோது சம்பூர்ணம், "நல்லா கேட்டீங்க அவன" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ஊர்ல எல்லாரும் இப்டித்தான் பேசறாளுங்க. நீங்க ஒருத்தருதாங்க எனக்கு தெம்பு." 

இதைவிட ஒரு மனுஷனுக்குத் தண்டனை வேண்டுமா?

ஐந்து நாளில் வேலை முடிந்தது. நாலு சுவருக்கும் ஏழடி. இளநீலம். ஒரு டைல்ஸ்கூடக் கோணலில்லை, இடுக்கெல்லாம் நூல் பிடித்தமாதிரி. ஷவர் ஏழடிக்குக் கொஞ்சம் கீழே. சம்பூர்ணம் தினமும் போய்த் துணியால் துடைப்பாள். தானும் அதில் குளிக்கவில்லை, என்னையும் விடவில்லை. "அவன்தான் மொத மொதல்ல குளிக்கணும்" என்றாள்.

தை மூன்றாம் தேதி கார் வைத்து அழைத்து வந்தோம். தெருவே கூடிவிட்டது. நானும் பாலாவும் அவனைத் தூக்கி வாசல் படி ஏற்றி, வண்டியை உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்தோம். சம்பூர்ணம் ஆரத்தி சுற்றினாள். காபி கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

"வாடா, வந்து பாருடா உன் பாத்ரூம. தேறுற வரிக்கும் வண்டியிலயே போய்க் குளி. பாலா, தள்ளு."

எனக்குத் தெரியும். ரெண்டரை அடி நிலையில் சட்டம் போக உள்ளே இருபத்தைந்து அங்குலம். வண்டி இருபத்தாறரை. நிலை வைத்த நாளிலிருந்து நான் அளக்காமலே அளந்து வைத்திருந்த கணக்கு. ஆனாலும் எப்படியாவது நுழைந்துவிடாதா என்று அந்த நிமிஷம் வரைக்கும் ஒரு நப்பாசை. என்ன முட்டாள்தனம் பாருங்கள்.

வண்டி நிலையில் டங்கென்று முட்டி நின்றது.

"கொஞ்சம் பின்னால எடுத்து நேரா வுடுடா" என்றாள். பாலா எடுத்து விட்டான். முட்டியது. சாய்த்துப் பார்த்தான். சக்கரம் படியில் ஏறி மறுபடியும் முட்டியது. நிலையில் பெயிண்ட் உரிந்தது. பாலா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். தமிழ் மட்டும் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழிருந்து மேல் வரைக்கும் பார்த்தான். "சூப்பரா கீதும்மா" என்றான்.

சம்பூர்ணம் என் பக்கம் திரும்பினாள். "இன்னாங்க இது? கதவு வைக்கறப்ப வண்டிய அளக்கலியா நீங்க?"

"நாளைக்கே பேத்துடறேன். ஜோஷ்வாவ வரச் சொல்றேன்."

"அளக்கலியான்னு கேக்கறேன்."

"நைனா" என்றான் தமிழ். வண்டியைத் தானே மெதுவாகத் திருப்பினான். "அங்க அளவு எழுதி உனக்கு ஒரு பேப்பர் குடுத்தாங்கல்ல? எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. பொட்டில கீது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உனக்கா? உனக்கு எதுக்குடா குடுத்தாங்க?"

"எனக்கு தெரியும் நைனா. ரெண்டாவது மாசமே டாக்டர நானே கேட்டுட்டேன். நீ ஃபோன்ல ஏழடி, நின்னுகினு குளிக்கிறதுன்னு பேசறப்ப, பாவம் நீ இன்னும் நம்பிகினு கீறன்னு நெனச்சேன். உன்ன எதுக்கு ஒடைக்கணும்னுதான் நானும் சரி சரின்னு சொன்னேன்."

ஐயோ! அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். படுக்கையில் கிடந்துகொண்டு, ஷவரை உயரத்தில் வை என்று எனக்காகச் சிரித்திருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

சம்பூர்ணம் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாலாவைப் பார்த்தாள். பாலா தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னா தெரியும்? இன்னாடா தெரியும் உங்களுக்கெல்லாம்?"

இனி ஒளிய இடமில்லை. அங்கேயே, அந்தக் கதவு பக்கத்திலேயே சொன்னேன்.

"அவன் நடக்க மாட்டான் சம்பூர்ணம். டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. நரம்பு ஒட்டும்னது நான் சொன்ன பொய்."

அவள் அழவில்லை. "அன்னிக்குன்னா என்னிக்கு?" என்றாள்.

"எட்டாம் நாளு."

விரலை மடக்கினாள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மடக்கிய விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நாலு மாசமா என்னைய பைத்தியக்காரி கணக்கா ஏழடி ஏழடின்னு கத்த வுட்டு பாத்துகினு இருந்தியாய்யா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். வாங்க போங்க என்பதைத் தவிர வேறு மாதிரி அவள் என்னிடம் பேசியதில்லை.

"உன் மனசு தாங்காதுன்னு…"

"என் மனசு!" என்றாள். "இவன குளிப்பாட்டப் போறது யாரு? நீயா? நீ அஞ்சரைக்கு பஸ்ஸ எடுத்துகினு பூடுவ. தெனம் தூக்கி குந்த வச்சி, தண்ணி ஊத்தி, தொடச்சி, துணி மாட்டப் போறவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு நாளு அழுதிருப்பேன். மூணாம் நாளு எழுந்து கேட்டிருப்பேனே, கதவ மூணடியா வைன்னு. டைல்ஸு நாலடி போதும், நான் கூட நின்னு குளிப்பாட்ட எடம் வுடுன்னு கேட்டிருப்பேனே. இப்ப இவன எங்க வச்சி நான் குளிப்பாட்டுவேன்?"

நிலையில் உரிந்த பெயிண்டை விரலால் தடவிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, அத வுடு" என்றான் தமிழ். "ஒடம்பெல்லாம் ஆஸ்பத்திரி நாத்தம். மொதல்ல குளிக்கணும்."

அவனைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர் நுழைய அந்தக் கதவிலும் இடமில்லை, பழைய குளியலறையிலும் இடமில்லை; தோட்டத்துப் பக்கம் கொண்டுபோனோம். மோட்டார் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தெரியாமல் இருக்கத் துணிக்கொடியில் பழைய புடவை ஒன்றைக் கட்டினாள் சம்பூர்ணம். நானும் பாலாவும் அவனைத் தூக்கி உட்காரவைத்தோம். இடுப்பில் துண்டு. கால் ரெண்டும் மெலிந்துபோய் இருந்தன, பன்னிரண்டு வயதில் இருந்த கால்மாதிரி. அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போட்டு, வாளியில் விளாவிக்கொண்டு வந்தாள்.

"நைனாவ ஊத்தச் சொல்லும்மா" என்றான் கூச்சத்தோடு.

"சும்மா இருடா" என்றாள்.

முதல் சொம்பைத் தலையில் ஊற்றினாள். "சூடு போதுமா?"

"போதும்மா."

அவனே சோப்பை வாங்கி மார்பிலும் கையிலும் தேய்த்துக்கொண்டான். கைகள் நன்றாக முறுக்கேறி இருந்தன, வண்டியைத் தள்ளித் தள்ளி. முதுகை அவள் தேய்த்துவிட்டாள். ஒரு வாளி தீர்ந்துவிட்டது. அவசர அவசரமாக உள்ளே போய் இன்னொரு வாளி வெந்நீர் மொண்டு வந்தாள். கீழே குந்தி, அவன் பாதத்தை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, சொம்பில் மொண்டாள்.

"இது போதுமாடா? சூடா கீதா?" என்று வாய்ப் பழக்கத்தில் கேட்டுக்கொண்டே சொம்பைச் சாய்க்கப் போனாள்.

தமிழ் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"அது எனக்கு தெரியாதும்மா. நீ கைய வுட்டுப் பாத்து ஊத்து."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். வளையலோடு கையை வாளிக்குள் விட்டாள். சுரீரென்று இழுத்துக்கொண்டாள். கை சிவந்துபோயிருந்தது. அந்தக் கையை அவன் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு, அவ்வளவு நேரம் அழாதவள், குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். பாலா புடவைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். தமிழ் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, பழகிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

நான் கிட்டே போனேன். தோளைத் தொடப் பயமாக இருந்தது.

"பச்சத் தண்ணி கொண்டாய்யா" என்றாள், நிமிராமலே. "ரொம்ப சுடுது. ஊத்தியிருப்பேன்யா."

குழாயைத் திறந்து வாளியை அடியில் வைத்தேன்.